சாமி வாகனங்கள் நீங்கலாக

அன்புள்ள மகன் புகழேந்திக்கு,

அப்பா பலராமன் வாயால் சொல்ல, எதிர்வீட்டு டெய்லர் சந்திரகலா கையால் எழுதுகிற கடிதம். அண்ணாமலையார் தயவில் நானும் உன் அம்மாவும் இங்கே சுகம். நீயும் மருமகளும் பேத்தி தென்றலும் அந்தக் குளிர் தேசத்தில் சளி இருமல் இல்லாமல் சுகமாக இருக்க வேண்டும் என்று காலையில் எழுந்ததும் மலையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொள்கிறேன். போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு விஷயத்தை ஆரம்பித்தால் அது முடிவதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. கடிதத்துக்கு மீட்டிங் கிடையாது. சந்திரகலா என் பேச்சைத் திருத்தித்தான் எழுதுகிறாள். இதில் நல்ல தமிழ் வந்தால் அது அவளுடையது, கோபம் வந்தால் அது என்னுடையது.

போன வாரம் நீ ஒரு போட்டோ அனுப்பியிருந்தாய். நம் கடலைமண்டித் தெரு கல் பாவி, பூத்தொட்டி வைத்து, ஒரு வண்டிகூட இல்லாமல் பளபளவென்று இருக்கிற போட்டோ. அதற்கு அடியில், நம்ம தெருவும் ஜெர்மனி மாதிரி ஆயிடுச்சே நைனா என்று எழுதி ஒரு சிவப்பு இதயமும் போட்டிருக்கிறாய் என்று சந்திரகலா படித்துச் சொன்னாள். அந்தப் போட்டோ எடுத்தபோது நான் இங்கேதான் இருந்தேன். திறப்பு விழாவுக்கு முந்தின நாள், தெருவில் நின்றவர்களை எல்லாம் கொஞ்ச நேரம் உள்ளே போங்கள் என்று விரட்டிவிட்டு எடுத்தார்கள். நடக்கிறவர்களுக்கான தெரு, நடக்கிற ஆள் ஒருவர்கூட இல்லாமல் அழகாக விழுந்திருக்கிறது. நீ இதயம் போட்டதில் தப்பில்லை, அங்கிருந்து பார்த்தால் எனக்கும் போடத் தோன்றும்.

ஒவ்வொரு தடவையும் போனில், அம்மா நடக்கிறாளா என்று கேட்கிறாய். நான் ஒவ்வொரு தடவையும், சாப்டியாப்பா என்று பேச்சை மாற்றுகிறேன். அதற்குக் காரணம் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனி மாதம் அவள் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது டூவீலர்க்காரன் ஒருவன் லாரிக்கு வழி விடுகிறேன் என்று கோலத்தின் மேலேயே ஏறி வந்ததும், அவள் விலகி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததும், நீ ஓடி வந்து கூட இருந்து பிளேட் வைத்துவிட்டுப் போனதும் உனக்குத் தெரியும். நீ போன பிறகு டாக்டரம்மா, வீட்டுக்குள்ள நடக்கறது கணக்கில்ல பாட்டி, வெளிய வந்து நீட்டா நடக்கணும், கார்த்திகைக்குள்ள நடக்கலன்னா இந்தக் கால் அப்படியே முடங்கிப் போயிடும் என்று சொல்லி அனுப்பினார். உன் அம்மா, தெருவுல கால வெச்சா இன்னொருத்தன் ஏத்துவான், நான் கட்டில்லியே இருந்துக்கறேன் என்று சொல்லிவிட்டாள். நீ வாங்கிக் கொடுத்த வாக்கர் மூலையில் நின்றது. நான் அதில் துண்டு காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கால் முடங்கிப் போகுமோ என்கிற பயத்தை உன்னிடம் சொல்லி, அவ்வளவு தூரத்தில் உன்னைத் தூங்கவிடாமல் பண்ண எனக்கு மனசு வரவில்லை.

இந்த நேரத்தில்தான் ஆடியில் பாலாஜி என்று ஒரு தம்பி வந்தார். நடையழகு வீதித் திட்டம் என்று பெயர், அதற்கு அவர்தான் எல்லாம். கறுப்புக் கண்ணாடி, கையில் சிலேட்டு மாதிரி ஒரு கம்ப்யூட்டர். தெருக்காரர்களை எல்லாம் மண்டி வாசலில் கூட்டி, ஐயா, ஜனங்ககிட்ட நடக்கற பழக்கத்தக் கொண்டு வரணும், அதான் நோக்கம் என்றார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கான ஜனம் செருப்பில்லாமல் பதினாலு கிலோமீட்டர் மலையைச் சுற்றுகிற ஊரில் நின்றுகொண்டு இதைச் சொன்னார். டீக்கடைக்காரர், தம்பி, நீங்க எதுல வந்தீங்க என்று மட்டும் கேட்டார். காரில் வந்தாராம், வெயில் ஜாஸ்தியாம். நல்ல பிள்ளைதான், கோபமே வராது, அதனாலேயே நமக்குக் கோபம் வரும்.

இந்தத் தெருவை யாராவது திருத்த வந்தால் எனக்குப் பழைய ஞாபகம் எல்லாம் வந்துவிடும். எண்பத்து மூன்றில் ஒருவழிப் பாதை ஆக்குகிறோம் என்று ஒரு கூட்டம் வந்து, உள்ளே நுழையாதே என்கிற போர்டை ரெண்டு முனையிலும் நட்டுவிட்டுப் போனது. உள்ளே இருக்கிற வண்டி வெளியே வரலாம், வெளியே இருக்கிற வண்டி எந்தப் பக்கமும் உள்ளே வர முடியாது. அன்றைக்கு நான் கடலை மூட்டை ஏற்றிய மாட்டு வண்டியோடு வந்தேன். எனக்குப் படிக்கத் தெரியாததால் என் பாட்டுக்கு உள்ளே போய் மூட்டையை இறக்கிவிட்டேன். படித்தவர்கள் எல்லாம் முனையில் நின்று போர்டைப் படித்துக்கொண்டிருந்தார்கள். அதற்கப்புறம் ஒரு கூட்டம் வந்து நடைமேடை கட்டியது. அதன் மேல் ஏறுவதற்கு ஒரு படிக்கட்டு வேண்டும், அது திட்டத்தில் இல்லை. ஜனங்கள் அதில் தக்காளி வைத்து விற்றார்கள். அதனால் பாலாஜி வந்தபோது நான் வாயைத் திறக்கவில்லை, தானாகப் போய்விடும் என்று இருந்தேன்.

போகவில்லை. கல் பாவினார்கள். கறுப்புக் கல். நடுப்பகலில் வெறுங்காலோடு கோயிலுக்கு வருகிற ஆந்திராக்காரர்கள் அதில் ரெண்டு அடி வைத்துவிட்டு மூன்றாவது அடியை ஆகாயத்தில் வைத்தார்கள். உட்கார இரும்பு பெஞ்சு போட்டிருக்கிறார்கள், மதியத்தில் அதில் தோசை வார்க்கலாம். கோயில் பக்கத்து முனையைப் பெரிய சிமெண்டுத் தொட்டிகளால் அடைத்துவிட்டார்கள். பஸ் போகிற ரோட்டுப் பக்கத்து முனையில் வரிசையாக இரும்புக் கம்பம். நடுக் கம்பத்தை மட்டும் பூட்டுத் திறந்து எடுக்கலாம். வண்டி வராத தெருவைத் திறந்து வைக்க வரிசையாகக் கார்கள் வந்தன. ரிப்பன் வெட்டி, எல்லாரும் பத்தடி நடந்து போட்டோ எடுத்துக்கொண்டு, கார்கள் திரும்ப இடமில்லாமல் ஒரு பூத்தொட்டியை இடித்துவிட்டுப் பின்பக்கமாகவே போயின. நம் தெருவில் போய்க்கொண்டிருந்த அத்தனை வண்டியும் இப்போது பக்கத்துத் தெருவில் நிற்கிறது. அங்கேயும் நடந்துதான் போகிறார்கள், வண்டியைத் தள்ளிக்கொண்டு. திட்டம் அங்கே இன்னும் நன்றாக வேலை செய்கிறது.

கம்பத்துச் சாவிக்குச் சகாதேவன் என்று ஒருவரைப் போட்டார்கள். அடி அண்ணாமலை கிராமத்து ஆள், கொஞ்சம் கழனி இருக்கிறது, கிணற்றில் தண்ணீர் கம்மியானதால் நீலச் சட்டையும் விசிலும் மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். நாணயமான மனுஷன், அதுதான் தொந்தரவு. போர்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதற்கு ஒரு எழுத்து கூடவும் மாட்டார், குறையவும் மாட்டார். வாகனங்கள் நுழையத் தடை என்று போர்டு. முதல் நாளே பாலாஜியிடம் போய், சார், மாடு வந்தா இன்னா பண்றது என்று கேட்டார். மாடு வாகனம் இல்லையே என்றார் பாலாஜி. அதில்ல சார், அண்ணாமலையாருக்கு ரிஷபந்தானே வாகனம், அதான் ஒரு வார்த்த கேட்டுக்கலாம்னு என்றார் இவர். பாலாஜி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார். மேலே இருந்து பதில் இன்னும் வரவில்லை. மாடுகள் பதிலுக்குக் காத்திராமல் நடுத்தெருவில் படுத்திருக்கின்றன.

உன் அம்மாவை வாரம் ரெண்டு தடவை பயிற்சிக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பது உனக்குத் தெரியும். வழக்கமாக நம் வல்லரசு ஆட்டோவை வாசலில் கொண்டு வந்து நிறுத்துவான். கம்பம் வந்த பிறகு அவன் கம்பத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறான், உன் அம்மா தெரு நடுவில் நம் வீட்டுக்குள் கட்டிலில் இருக்கிறாள். சகாதேவனிடம் கேட்டேன். ஆம்புலன்ஸ் வரலாம் பெரியவரே, ஆட்டோ வரக்கூடாது என்றார். ஆம்புலன்ஸ் வர வேண்டுமானால் சாகிற மாதிரி இருக்க வேண்டும், பயிற்சிக்குப் போகிறவள் அப்படி இருக்க முடியாது. கடைசியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, வல்லரசும் டீக்கடைக்காரரும் மண்டி ஆட்கள் ரெண்டு பேரும் தூக்கிக்கொண்டு போனார்கள். தெருவில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். மண்டியில் ஒருத்தன், காசியம்மாக்கா புறப்பாடு ஆயிடுச்சுடோய், மேளம் எங்கடா என்று கத்தினான். உன் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கு அது பொறுக்கவில்லை. மறுநாளே சந்திரகலாவை எழுதச் சொல்லி, வேங்கிக்காலுக்கு பஸ் ஏறிப் போய் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்துவிட்டு வந்தேன். நடக்க முடியாத மனுஷி இருக்கிற தெருவை நடக்கிறவர்களுக்கு மட்டும் என்று அடைத்தது நியாயமில்லை, கம்பத்தைப் பிடுங்க வேண்டும் என்று மனு.

மனு ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்க, ஆவணியில் பிள்ளையார் சதுர்த்தி வந்தது. நம் மண்டிப் பிள்ளையார் மூஷிக வாகனத்தில் தெருவைச் சுற்றி வருவது நீ பிறப்பதற்கு முன்னாலிருந்து நடக்கிறது. இந்த வருஷமும் பட்டாசு, மேளத்தோடு கம்பத்தைத் தாண்டி ரோட்டுக்குப் போய்த் திரும்பி உள்ளே வரும்போது சகாதேவன் குறுக்கே நின்று விசில் அடித்தார். சாமி வரலாங்க, வாகனம் வரக்கூடாதுங்க, போர்டப் பாருங்க என்றார். யோவ், எலிய்யா அது என்று வல்லரசு கத்தினான். எலியா இருந்தாலும் எழுதியிருக்கறது வாகனம்னுதானே, நீங்களே மூஷிக வாகனம்னுதானே நோட்டீஸ் அடிச்சிருக்கீங்க என்றார் அவர். பிள்ளையார் அங்கேயே வெயிலில் நின்றார். பாலாஜிக்குப் போன் போட்டு, அவர் யாருக்கோ போன் போட்டு, சாயங்காலம் எலி உள்ளே வந்தது. மறுநாள் பெயிண்டர் வந்து போர்டில் அடியில் ஒரு வரி சேர்த்தான். சாமி வாகனங்கள் நீங்கலாக.

அந்த வரியைச் சந்திரகலா படித்துச் சொன்னபோது வல்லரசு பக்கத்தில் நின்றிருந்தான். அவன் மூஞ்சியைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது, நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த ஆஸ்பத்திரி நாள் அன்றைக்கு, இன்னும் கரைக்காமல் இருந்த களிமண் பிள்ளையார் ஒன்றை ஆட்டோவின் பின் சீட்டில் வைத்து, வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, குடையும் சொருகிக்கொண்டு கம்பத்தடியில் வந்து நின்றான். சகாதேவன் போர்டை ஒரு தடவை படித்தார், பிள்ளையாரை ஒரு தடவை பார்த்தார், செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்பத்தைத் திறந்தார். அதோடு விட்டாரா, ஆட்டோவுக்கு முன்னால் விசில் ஊதி வழி விலக்கிக்கொண்டு நம் வாசல் வரைக்கும் வந்தார். உன் அம்மாவுக்கு என்ன ஏது என்று தெரியாது. பிள்ளையாருக்குப் பக்கத்தில் உட்கார வைத்துக் கிளம்பினோம். ரெண்டு வீடு தாண்டவில்லை, சாமி வருதுன்னு ஒரு வீட்டில் கற்பூரம் கொண்டு வந்தார்கள். அடுத்த வீட்டில் தேங்காய். எல்லா இடத்திலும் நிற்காமல் போக முடியுமா, சாமி வண்டி ஆயிற்றே. ஒரு ஆந்திராக்கார அம்மா, இது எந்த அம்மன் என்று தெலுங்கில் விசாரித்து, உன் அம்மா காலைத் தொட்டுக் கும்பிட்டு மடியில் ஒரு வாழைப்பழமும் வைத்துவிட்டுப் போனாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பயிற்சி கொடுக்கிற பெண் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டது. நெற்றி நிறையத் திருநீறோடு, மாலையோடு, உன் அம்மா பெஞ்சில் வாழைப்பழத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

திரும்பி வரும்போது கம்பத்தடியில், வண்டிய நிறுத்துடா என்றாள். அக்கா, பிள்ளையார் இருக்காரு, உள்ளவே வுட்டுடுவாங்க என்றான் வல்லரசு. அவரு பேரச் சொல்லி நான் போமாட்டேன், எனக்குச் சாமி வேஷம் கட்டி ஊர்கோலம் வுட்டீங்களே, ஊரே கால்ல விழுதுடா, நான் என்ன செத்தா போயிட்டேன், எறக்கு என்றாள். நாற்காலி கொண்டு வரட்டுமா என்று கேட்டேன். அதுலயும் ஏற மாட்டேன் என்றாள். பிறகு எதில்தான் வருவாய் என்று கேட்டேன். பயிற்சிக்குக் கொண்டு போயிருந்த வாக்கரைக் காட்டினாள்.

புகழேந்தி, அவள் நடந்தாள். முதலில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். அப்புறம் வாக்கரைத் தூக்கி வைத்து ஒரு அடி, இழுத்து ஒரு அடி. முதல் பெஞ்சு வரைக்கும் போய் உட்கார்ந்தாள். வெயில் இறங்கியிருந்ததால் பெஞ்சு சுடவில்லை. நான் எதற்கும் இருக்கட்டும் என்று மண்டியில் இருந்து நாற்காலியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் போனேன். அத ஏன் தூக்கினு வரீங்க, உங்களுக்கு முடியலன்னா நீங்க உக்காருங்க என்றாள். அடுத்த பெஞ்சு வந்தது, உட்கார்ந்தாள், எழுந்தாள். வழியில் படுத்திருந்த மாட்டைச் சுற்றிக்கொண்டு போனாள். பின்னால் திரும்பிப் பார்க்கவே இல்லை. நம் தெருவில் இத்தனை வருஷமாக அவள் பின்னால் திரும்பிப் பார்க்காமல் நடந்து நான் பார்த்ததில்லை, எந்நேரமும் ஏதோ ஒரு ஹாரன் முதுகில் ஏறிக்கொண்டே இருக்கும். வீட்டு வாசலில் வந்து நின்றுகொண்டு, ஒரு பய ஏத்த வரல பாத்தீங்களா என்றாள். நான் நாற்காலியைக் கீழே வைத்தேன்.

அன்றிலிருந்து வெயில் தாழ்ந்ததும் வாசலில் இருந்து கம்பம், கம்பத்தில் இருந்து வாசல். உன்னிடம் சொல்ல வேண்டாம், முழுசா நடக்கட்டும், கண்ணு பட்டுடும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். அதனால்தான் சாப்பிட்டாயா, சாப்பிட்டாயா என்று கேட்டு உன்னைக் கொன்றேன். கம்பத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் அதைப் பிடித்துக்கொண்டு அண்ணாமலையாரே என்று உரக்கச் சொல்லிக் கண்ணை மூடி மூச்சு வாங்குவாள். அதைப் பார்த்த வெளியூர்க்காரர்கள், சரி, இதில் ஏதோ விசேஷம் இருக்கிறது என்று அவர்களும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். இப்போது நடுக் கம்பத்துக்கு மஞ்சள், குங்குமம், செவ்வாய் வெள்ளியில் பூ. சகாதேவன் பூட்டைத் திறக்கும்போது செருப்பைக் கழற்றிவிடுகிறார். பாலாஜி பார்த்துவிட்டு, இது எங்கள் வரைபடத்தில் இல்லையே என்றார்.

எல்லாம் இப்படி இருக்க, இந்த ஐப்பசியில் என் மனு வேலை செய்துவிட்டது. நான் கொடுத்த மனு எதுவும் இதுவரைக்கும் வேலை செய்ததில்லை, அந்த நம்பிக்கையில்தான் நான் அதை மறந்தே போயிருந்தேன். ஒரு சாயங்காலம் வண்டியில் பாலாஜியும் ஆட்களும் கடப்பாரையோடு வந்து கம்பத்தடியில் இறங்கினார்கள். குங்குமத்தைப் பார்த்துவிட்டு, யார் முதலில் கை வைப்பது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த நேரம் பார்த்து உன் அம்மா வாக்கரோடு வந்து சேர்ந்தாள், பின்னால் நான். எதுக்குப்பா புடுங்கறீங்க என்று கேட்டாள். ஒரு முடியாத அம்மாவுக்குத் தொந்தரவா இருக்குன்னு மனு வந்திருக்கும்மா, மறுபடி வண்டியெல்லாம் வுடப் போறோம் என்றார் பாலாஜி. எந்த ஆளு குடுத்தது என்றாள். பாலாஜி என்னைப் பார்த்தார். சகாதேவன் மலையைப் பார்த்தார். வல்லரசு ஆட்டோவுக்குள் குனிந்து எதையோ தேடினான். உன் அம்மா கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, அந்த முடியாத அம்மா நான்தான், எனக்கு இது இல்லன்னாதான் தொந்தரவு, நான் இங்கதான் திரும்பறேன், புடுங்கணும்னா மனு குடுத்தவரக் கூப்ட்டுப் புடுங்கச் சொல்லுங்க என்றாள். கடப்பாரையை வண்டியில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

திங்கட்கிழமை நான் மறுபடி வேங்கிக்காலுக்குப் போனேன். மனு வாங்குகிற பிள்ளை பார்த்துவிட்டு, தாத்தா, எடுக்கச் சொல்லிக் குடுத்ததும் நீங்க, எடுக்காதேன்னு குடுக்கறதும் நீங்களா என்று கேட்டது. அது நடக்காதவளுக்குக் குடுத்ததும்மா, இது நடக்கறவளுக்கு என்று சொன்னேன். வாங்கி வைத்துக்கொண்டது. இதுவும் வேலை செய்ய வேண்டும், எனக்கு அந்தக் கவலைதான் இப்போது. அதற்காகத் திட்டம் நல்ல திட்டம் என்று நான் சொன்னதாக யாரிடமும் சொல்லிவிடாதே. கல் சுடுகிறது, பக்கத்துத் தெரு நாறுகிறது, மண்டிக்காரர்கள் மூட்டையை முனையில் இருந்து முதுகில் சுமக்கிறார்கள், வீட்டு வாசலுக்கு ஒரு ஆட்டோ வர வழியில்லை. இதையெல்லாம் பாலாஜியிடம் நானே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொள்கிறார்.

தீபத்துக்கு வருகிறேன் என்று சொன்னாயே, ஒரு வாரம் முன்னாடியே வந்துவிடு. தீபத்தன்று ஊருக்குள் ஒரு வண்டியும் விட மாட்டார்கள், அன்றைக்கு ஊரே நடையழகுத் திட்டம்தான். மருமகளுக்கும் தென்றலுக்கும் மெத்தென்ற செருப்பு வாங்கி வா. சக்கரம் வைத்த பெட்டி கொண்டு வராதே, அது வாகனமா இல்லையா என்று சகாதேவன் கேட்டு, பதில் மேலே இருந்து வருவதற்குள் உன் லீவு முடிந்துவிடும். கையில் தூக்குகிற பையாக இரண்டு எடுத்து வா, போதும். குளிரில் காதைக் கட்டிக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கி வல்லரசுக்குப் போன் போடு, கம்பத்தடியில் கொண்டு வந்து விடுவான். உன் அம்மா அங்கே வந்து நிற்பாள். நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே, பார்த்ததும் ஆச்சரியப்படு. பிறகு அவளுக்கு முன்னால் ஓடாதே, கையைப் பிடிக்கிறேன் என்றும் போகாதே. அவள் எப்படி நடக்கிறாளோ அந்த நடையில் பக்கத்தில் வா. பெஞ்சு வந்தால் அவளோடு உட்கார், எழுந்தால் எழு. வீடு வர நேரமாகும். சோறு ஆறிப் போனால் போகட்டும்.

எல்லாரும் நோய் நொடி இல்லாமல், கால் கை வலுவோடு, நூறு வருஷம் நடமாட அண்ணாமலையார் அருள் புரியட்டும்.

இப்படிக்கு,
சந்திரகலா எழுதிய கடிதத்துக்கு இடது கைப் பெருவிரல் வைத்த
உன் அப்பா பலராமன்,
கடலைமண்டித் தெரு, திருவண்ணாமலை.